பிரீடன் குன்றின் கல் தேவதை

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பேராலயங்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். சிற்பத்தில் ஆர்வமுள்ளவர்கள் அங்குள்ள கிராமத் தேவாலயங்களையும் அவசியம் பார்க்க வேண்டும்.

லெஸ்டர்ஷயரில் பிரீடன் குன்றின் மேலுள்ள தேவாலயம் ஓர் உதாரணம். 7ஆம் நூற்றாண்டில் அங்கு ஒரு மடம் இருந்தது. 731இல் கேன்டர்பரி பேராயரான டாட்வின் அந்த மடத்துத் துறவிதான். கி.பி. 800ஐ ஒட்டி மெர்சியா அரசின் (அன்றைய மத்திய இங்கிலாந்தை ஆண்ட அரசு) சிற்பிகள் செதுக்கிய கற்களைப் பிற்காலத்தவர் புதிய சுவர்களுக்குள் பதித்துவிட்டார்கள். அதனால்தான் அவை பிழைத்தன! ஒரு சாண் உயரமே உள்ள பட்டைகளில் கொடிச்சுருள்கள், பறவைகள், விலங்குகள், ஈட்டி ஏந்திய குதிரை வீரர்கள். துளையிட்ட கண்கள் இன்றும் உயிரோடு பார்க்கின்றன. கோபுரத்தினுள் இருக்கும் கல் தேவதையோ (தேவதூதர்) பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், முறையில் விரல்களை மடக்கி ஆசி வழங்குகிறது. கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் கலை இந்தச் சிற்றூர் வரை வந்து சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய வியப்பு! (குன்றின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக்கல் குவாரி வெட்டித் தின்றுவிட்டது என்பது தனி வேதனை.)

வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் காஸ்ஃபோர்த் கிராமத் தேவாலயத்தின் கல்லறை வளாகத்தில் நிற்கும் 10ஆம் நூற்றாண்டுச் சிலுவை மழையிலும் காற்றிலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரே கல்லில் இயேசுவின் சிலுவையேற்றமும், வைக்கிங்குகளின் புராணத்தில் வரும் வஞ்சகக் கடவுளான லோகி கட்டுண்டிருக்கும் காட்சியும் உள்ள அரிய படைப்பு அது.

வழிபடுவோர் குறைந்துவரும் இத்தகைய சிற்றூர்கள் இவற்றைத் தனியே காப்பாற்ற முடியாது. பராமரிப்புச் செலவில் அரசு நிலையான பங்கேற்க வேண்டும். சிற்பங்களை அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துச் செல்லாமல், இருந்த இடத்திலேயே காக்க வேண்டும்.

வாசகி, லெஸ்டர்