பெரியம்மாவின் எக்கோ ரிப்போர்ட்

அன்புள்ள முரளி,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். பெரியம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பார்த்தபிறகு இனிமேலும் தள்ளிப்போட முடியவில்லை.

நுரையீரல் தமனி அழுத்தம் 57 என்ற எண்ணைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருக்கிறாய். வரம்பு 20தானே என்று பதறாதே. அந்த 20, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம். இந்த 57, இதயம் சுருங்கும்போது வரும் உச்சம். அதுவும் நேராக அளந்ததல்ல, கணக்கு. வலப்பக்க வால்வில் ரத்தம் பின்னுக்குக் கசியும் வேகம் நொடிக்கு 3.5 மீட்டர். அதன் வர்க்கம் பெருக்கல் நான்கு, 49. பெருஞ்சிரையின் பருமனைப் பார்த்து, வலது மேலறையின் அழுத்தம் என்று ஒரு 8 கூட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனாலும் 3.5 அலட்சியப்படுத்தும் வேகமில்லை. உறுதிசெய்ய வலது இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுத்தான் அளக்கவேண்டும்.

கையில் பி.பி. 120/80 இருக்கிறதே என்கிறாய். கைப்பட்டை காட்டுவது உடம்புக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம். நுரையீரல் சுற்று தனி; அங்கே சராசரி 14 இருந்தாலே போதும். சுவர் மெலிந்த வலது கீழறை கூடுதல் பளுவைத் தாங்காமல் விரிந்துபோவதால்தான் படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது.

மூர்த்தி வழக்கம்போல வைத்தியராகி, ரத்த நாளங்களை விரிக்கும் சில்டெனாஃபில் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னானாம். தயவுசெய்து கொடுக்காதே, முரளி. இடது இதயம் விறைத்துப்போனதால் அழுத்தம் ஏறியிருந்தால், நுரையீரல் நாளங்களை விரித்துவிடுவதில் அங்கே நீர் கோத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவராக இருந்தால் பி.பி. அபாயமாக விழும். காரணம் தெரியாமல் மருந்து இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டியதே, அதை டாக்டரிடம் சொன்னாயா? அந்த ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய்க் கரையாமல் தழும்பாக ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். சி.டி. ஸ்கேனில் பழைய ரத்தக்கட்டு தவறிப்போவதுண்டு. அதனால் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று பார்க்கும் வி/க்யூ ஸ்கேனைக் கேட்டு வாங்கு. இந்த வகை ஒன்றில்தான் அடைப்பை அறுவை செய்தே உரித்தெடுக்க முடியும். பலருக்கு அழுத்தம் ஏறக்குறைய இயல்புக்கே இறங்கிவிடும்.

அதுவரை தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டரைக் கூப்பிடு. நடக்கும்போது மயங்கி விழுந்தால் காத்திருக்காதே, அன்றே அட்மிட் செய்.

ஸ்கேன் தேதி கிடைத்ததும் எழுது. சின்னவள் பரீட்சை எப்படி எழுதினாள்?

அன்புடன்,
கண்ணன்