காலை கச்சேரி நேரம்: எல்லாரும் ஒரு போஸ்ட் கார்டு போடுங்க

குரூப்ல எல்லாருக்கும் வணக்கம். ஆல் இந்தியா ரேடியோல காலை கர்நாடக சங்கீத நேரத்தைப் பத்தி நீங்க போட்ட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன், கோபம் நியாயம்தான். நேரமும் சுருங்கிருச்சு, இருக்கற கொஞ்சத்துலயும் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற பகுதி) ஆரம்பிக்கறப்போ டப்புனு வெட்டிட்டு விளம்பரம் போடறாங்க, பக்கவாத்தியம் யாருன்னு பேர் கூட சொல்றதில்ல. இதே ரேடியோல 1952-ல தேசிய சங்கீத நிகழ்ச்சி, 1954-ல சங்கீத சம்மேளனம், ஆடிஷன் வச்சு கலைஞர்களுக்கு பி ஹை, ஏ, டாப்னு கிரேடுன்னு சங்கீதத்தை எப்படி வளர்த்தாங்க! (கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா இருந்தப்போ சினிமா பாட்டை ஒதுக்கப்போய் ஜனங்க ரேடியோ சிலோனுக்கு ஓடினாங்க, அப்புறம் 1957-ல சினிமா பாட்டு போடற விவித் பாரதி வந்துச்சு, அதையும் நான் மறக்கல.)

ஆல் இந்தியா ரேடியோவோட சாஸ்திரீய சங்கீத சேனல் "ராகம்" 2016-லேருந்து இருக்கே, ஆப்ல கேளுங்கன்னு சிலர் சொல்றீங்க. சரிங்க, டிரான்சிஸ்டர் மட்டும் வச்சிருக்கற பெரியவங்க என்ன பண்ணுவாங்க?

அதனால நம்ம ஸ்டேஷன் டைரக்டருக்கு ஆளுக்கு ஒரு கார்டு எழுதுங்க. தேதி, மணி, எது கட் ஆச்சு, இது மூணும் கட்டாயம் இருக்கணும். திட்டி எழுத வேணாம், டியூட்டில இருக்கற அறிவிப்பாளர் பாவம் என்ன பண்ணுவார். ஒரே வாசகத்தை காப்பி அடிக்காம சொந்தமா எழுதுங்க, போஸ்ட் பண்ணதும் இங்க ஒரு போட்டோ போட்டுடுங்க.