நூல் கடை வகுப்பில் உதவிய அக்காவுக்கு

கம்பளி நூல் கடையின் பின்னல் வகுப்பில் எனக்கு உதவிய அக்காவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயர் தெரியாது. அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை, "என்ன பின்றீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

அம்மாவுக்கான சால்வை பாதியில் நின்றது. பழைய நூலில் ஒரே ஒரு உருண்டைதான் மிச்சம். கடையில் அதே நிறம் இருந்தது, ஆனால் உறையில் போட்டிருந்த சாயத் தொகுதி எண் வேறு. ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நிறம் லேசாக மாறும். உருண்டையில் கண்ணுக்குத் தெரியாது, பின்னியபிறகு பளிச்சென்று கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். முழுவதையும் பிரித்துவிடலாம் என்று ஊசியை உருவப்போன என்னை நீங்கள்தான் தடுத்தீர்கள்.

முதல் வேலையாக, ஊசியிலிருந்த கண்ணிகள் வழியே வேறு நிற நூலைக் கோத்துவிட்டீர்கள். மேலே என்ன பிசகினாலும் அதற்குக் கீழே பிரியாதாம்! பிறகு பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னச் சொன்னீர்கள். இரண்டிரண்டாகப் போனால் ஊசி மறுபடி அந்த நூல் காத்திருக்கும் ஓரத்துக்கே வந்துவிடும், நூலை வெட்டவே வேண்டாம். ஆசிரியர் நன்றாகத்தான் சொல்லித்தருகிறார். ஆனாலும் இந்த மாதிரி விஷயமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் கிடைக்கிறது.

சால்வை முடிந்துவிட்டது. நிறம் எங்கே மாறுகிறது என்று அம்மா இன்னும் தேடுகிறார். அடுத்து காலுறை ஆரம்பித்திருக்கிறேன், அக்கா. குதிகால் பின்னும்போது நீங்களும் வகுப்புக்கு வந்தால் தேவலை.