எல்லாமே ‘டிப்ரஸ்டு’ அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கடலோர ஊர்ப் பிள்ளைகள் முகம் கொஞ்சம் வாடினாலே ‘டிப்ரஸ்டு’ என்கிறார்கள். ஆங்கிலப் பேச்சில் அது சோகத்தையும் குறிக்கும். ஆனால் குறைந்தது இரண்டு வாரம், அநேகமாக தினமும் சோர்வு நீடிக்கும் நோய்க்கும் அதுதான் சொல். அதற்கு உதவி தேடுவோருக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. சாதாரண வாட்டத்துக்கு ‘ஐ ஃபீல் டவுன்’ போதும்.

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன்பே ‘இந்த வருஷம் மீன்பாடு இருக்காது’ என்பவர் பெசிமிஸ்டிக். கடலுக்குப் போய், டீசல் காசுகூடத் தேறாமல் கரைக்கு வந்தவர் டிஸப்பாயின்டட். பாம்பனில் புயல் கூண்டு இறங்குவதாக இல்லையே என்று சலித்துப்போனவர் ஃபெட் அப். ‘பெசிமிஸ்டிக்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’, ‘ஃபெட் அப்’ என்பதற்குப் பின் ‘வித்’ வரும்.

அடிக்கடி காதில் விழும் பிழை ‘ஐ ஆம் டிப்ரஸிங்’. ‘வருத்தப்படுகிறேன்’ என்பதை அப்படியே ‘இங்’ போட்டு மாற்றுவதால் வருவது. கேட்பவருக்கோ ‘நான் மற்றவர்களைச் சோர்வடைய வைக்கிறேன்’ என்றே புரியும். ‘ஐ ஆம் பெசிமிஸ்ட்’ என்பதும் தவறு. நடுவில் ‘எ’ வேண்டும்.

- ஆங்கில ஆசிரியர்கள், மண்டபம்