பலாலியிலிருந்து சென்னைக்கு: விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை, இந்திய சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கொழும்புக்கான தரைவழியைவிடச் சென்னைக்கான வான்வழி எங்களுக்குக் குறுகியது. ஆயினும் பலாலியிலிருந்து சேவை இல்லாத காலங்களில், சென்னைக்குச் சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளி ஒருவர், ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையை மடியில் வைத்தபடி இரவு பஸ்ஸில் ஏறி, முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, எட்டு ஒன்பது மணித்தியாலம் தெற்கே பயணித்து, கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மேலும் மூன்று மணித்தியாலம் காத்திருந்து, அதன் பின்னரே வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. கட்டுநாயக்காவையும் சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாண நகரின் மேலாகவே செல்கிறது.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியபோது, அந்த நீண்ட அலைச்சல் அரை நாளுக்குள் அடங்கியது. நான்கு மாதங்களில் கொரோனா அதை நிறுத்தியது. மீண்டும் விமானம் வந்தது 2022 டிசம்பரில்தான். 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் தொடங்கியது. திருச்சி எங்களிடமிருந்து வான்வழியே 190 கிலோமீற்றருக்கும் குறைவு என்பதை இங்கு பலர் அப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் முதற் கோரிக்கை நிலையான சேவை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவரும், பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் செல்பவரும் விமானம் உண்டா என்பதை மாதங்களுக்கு முன்னரே அறிய வேண்டும். ஆகவே பருவகால அட்டவணையை முற்கூட்டியே வெளியிடுங்கள். சேவையை நிறுத்தவோ குறைக்கவோ நேர்ந்தால், ஏற்கெனவே பயணச்சீட்டு வாங்கியவர்களைக் கட்டுநாயக்கா வழியாக மேலதிகக் கட்டணமின்றி அனுப்பும் ஏற்பாட்டை அனுமதி நிபந்தனைகளிலேயே சேருங்கள்.

அடுத்தது ஓடுபாதை. தற்போதுள்ள 1,400 மீற்றரில் ஏறத்தாழ எழுபது பேர் செல்லும் ஏ.டி.ஆர். வகை விமானங்கள் இறங்குகின்றன; அதைவிடப் பெரிய ஜெட் விமானங்களுக்கு அந்த நீளம் போதாது. இருக்கைகள் குறைவாக இருப்பதால் விடுமுறைக் காலங்களில் கட்டணம் ஏறுகிறது, பொதிகளின் நிறையிலும் கட்டுப்பாடு வருகிறது. நீளம் கூட்டப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓடுபாதையைச் சுற்றியுள்ள காணிகள் வெற்று நிலங்கள் அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் வீடுகளும் செம்மண் தோட்டங்களும் அங்கேதான் இருந்தன. உறுதிப் பத்திரங்களைப் பாதுகாத்து வைத்துக்கொண்டு இன்னமும் திரும்பிச் செல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்குப் போகும் நேரத்தைக் குறைப்பதற்காக அவர்களுடைய மீள்குடியேற்றம் மேலும் தள்ளிப்போவதை, அந்த விமானத்தில் பயணிக்கும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

எனவே விரிவாக்கத் திட்டம் எதுவாயினும், தேவைப்படும் காணிகளின் எல்லைகளைக் காட்டும் வரைபடத்தைத் தமிழில் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் காட்சிப்படுத்தி, உரிமையாளர்களை நேரில் அழைத்துக் கேட்ட பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்