நீதிபதிக்கு எழுத முடியாதது

அன்புள்ள தம்பி,

உன் வக்கீலம்மா என்னிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார். நீதிபதிக்கு, ஆங்கிலத்தில், இரண்டு பக்கத்துக்குள். நீ எப்படிப்பட்ட பிள்ளை, உன்னை நாடுகடத்தினால் எனக்கும் அம்மாவுக்கும் என்ன ஆகும் என்று எழுத வேண்டுமாம். மூன்று இரவாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். பேனாவை எடுத்தால் உன்னிடம் சொல்ல வேண்டியதுதான் வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதாவது பலன் கிடைக்கட்டும். மெதுவாகப் படி.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு அமெரிக்காவின் கிரீன் கார்டு, அதாவது இங்கே நிரந்தரமாக வாழும் அனுமதி, வந்தது 2008 பிப்ரவரியில். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்து வருடம் முடிய 90 நாள் இருக்கும்போதே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதாவது 2012 நவம்பரிலேயே நான் போட்டிருக்கலாம். போடவில்லை. உன் தாத்தா உயிரோடு இருந்தார், இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் தலைக்கு 680 டாலர் என்பதும் ஒரு சாக்கு. கடைசியில் 2014 மார்ச்சில் போட்டு, ஆகஸ்டில் உறுதிமொழி எடுத்தேன். நீ 2013 டிசம்பரிலேயே பதினெட்டைத் தாண்டிவிட்டாய்.

இந்த எட்டு மாதம் என்ன செய்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2001 பிப்ரவரி 27 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. கிரீன் கார்டு உள்ள பிள்ளை, பதினெட்டு முடியுமுன், அப்பா அம்மாவின் பொறுப்பில் அவர்களோடு வாழ்ந்து, அந்த இருவரில் ஒருவர் குடிமகனாகிவிட்டால் அந்த நிமிடமே பிள்ளையும் குடிமகன். விண்ணப்பம் இல்லை, தேர்வு இல்லை, உறுதிமொழிகூட இல்லை. நான் நேரத்தோடு போட்டிருந்தால் இன்று உன்னை நாடுகடத்தும் பேச்சே எழ முடியாது. உன் தங்கை இங்கே பிறந்தவள், அவளுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு விதமான பிள்ளைகளை வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தாமதித்தது போதாதென்று பிறகு அவசரமும் பட்டேன். சென்ற ஆண்டு "நீயும் சிட்டிசன்ஷிப் போட்டுவிடு, காலம் சரியில்லை" என்று உன்னை நச்சரித்தது நான்தான். 710 டாலரை என் கார்டிலிருந்தே கட்டினேன். நமக்கு வரிக்கணக்கு போட்டுத் தருகிறவரிடம் உன் பழைய மாத்திரை வழக்கைப் பற்றிக் கேட்டதும் நான்தான். "அதெல்லாம் ஐந்து வருடத்துக்கு முந்தியது, பிரச்சினை இல்லை" என்றார். அவர் சொன்ன ஐந்து வருடம் நன்னடத்தையைப் பார்க்கிற காலம். நாடுகடத்தலுக்கு அந்த வரம்பு கிடையாது. 2016-இல் நடந்ததை இன்றும் எடுக்கலாம், இன்னும் இருபது வருடம் கழித்தும் எடுக்கலாம். படிவத்தில் கேட்டதற்கு நீ உண்மையைத்தான் எழுதினாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை வைத்துத்தான் இந்த நாடுகடத்தல் வழக்கைத் தொடங்கினார்கள். எழுதுவதற்கு முன் ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் "போடாதே, பயணமும் போகாதே" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தை மிச்சம் பிடித்தோம்.

இனி உன் பக்கம். இரண்டு மாத்திரை. பரீட்சைக்கு விழித்திருக்க நண்பன் கொடுத்தது, மருந்துச் சீட்டு இல்லாமல் சட்டைப்பையில் இருந்தது. டெக்சாஸ் கோர்ட்டில் உனக்குக் கிடைத்தது "டிஃபெர்டு அட்ஜுடிகேஷன்". குற்றத்தை ஒப்புக்கொள், ஒழுங்காக நன்னடத்தைக் காலத்தை முடி, வழக்கு தள்ளுபடியாகிவிடும், தண்டனை என்று பதிவே இருக்காது என்று உன் அன்றைய வக்கீல் சொன்னார். டெக்சாஸ் சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் குடிவரவுச் சட்டம் "தண்டனை" என்ற சொல்லுக்குத் தனி அகராதி வைத்திருக்கிறது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தால் போதும், அது தண்டனைதான். பிறகு தள்ளுபடியானாலும் ஒப்புக்கொண்டது அழியாது. போதைப்பொருள் பட்டியலில் உள்ள எதை வைத்திருந்ததற்கு அப்படியொரு தண்டனை இருந்தாலும் கிரீன் கார்டுக்காரரை நாடுகடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை என்றால் மட்டும் விலக்கு. கஞ்சாவுக்கு விலக்கு உண்டு, பரீட்சை மாத்திரைக்கு இல்லை. இதை முதலில் கேட்டபோது வக்கீலம்மா முன்னாலேயே சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

இதே மாதிரி ஏமாந்த இன்னொருவரைப் பற்றி வக்கீலம்மா சொன்னார். ஹோசே படியா என்பவர், ஹோண்டுராஸில் பிறந்தவர், இந்த நாட்டுக்காக வியட்நாம் போரில் இருந்தவர், நாற்பது வருடத்துக்கு மேலாக கிரீன் கார்டில் வாழ்ந்தவர். கென்டக்கியில் கஞ்சா வழக்கு. "இவ்வளவு காலமாக இங்கே இருக்கிறாய், குடிவரவுக் கவலை வேண்டாம்" என்று அவருடைய வக்கீல் சொல்ல, ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் நாடுகடத்தல் கதவு திறந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிற வக்கீல் அதனால் நாடுகடத்தல் வரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. நீ ஒப்புக்கொண்டது 2017-இல். ஆகவே அந்தத் தீர்ப்பு உனக்கும் பொருந்தும். உன் பழைய வழக்கை மறுபடி திறக்க முடியுமா என்று டெக்சாஸில் வேறொரு கிரிமினல் வக்கீல் பார்த்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டப் பிழை இருந்தது என்று ரத்து செய்தால்தான் குடிவரவு கோர்ட் ஏற்கும். பையன் நல்லவன், பாவம், நாடுகடத்திவிடுவார்கள் என்று இரக்கப்பட்டு ரத்து செய்தால் ஏற்காது. அதனால் அந்த வக்கீல் கேட்கிற பழைய மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் தேடிக் கொடு. உன் அன்றைய வக்கீல் உன்னிடம் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதுதான் அங்கே முழு வழக்கும்.

அது நடந்தாலும் நடக்கும், நடக்காமலும் போகும். நாம் நம்பியிருப்பது இன்னொன்றை. கிரீன் கார்டுக்காரருக்கு நாடுகடத்தலை ரத்து செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. கிரீன் கார்டு ஐந்து வருடம் இருந்திருக்க வேண்டும். எந்த விசாவிலாவது முறையாக உள்ளே வந்து ஏழு வருடம் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; உன்னைப் போன்றவர்களுக்கு அந்த ஏழு வருடக் கடிகாரம் குற்றம் நடந்த நாளோடு நின்றுவிடும். சட்டம் கொடுங்குற்றம் என்று வகைப்படுத்தியது எதிலும் தண்டனை இருக்கக் கூடாது. உனக்கு மூன்றும் சரியாக இருக்கிறது. நீ ஏழு வயதில், 2003 ஆகஸ்டில், என் விசாவைச் சார்ந்து வந்தாய். அன்றிலிருந்து 2016 வரை எண்ணினால் பதின்மூன்று வருடம். இவ்வளவு நாள் என் தேதிகளெல்லாம் உனக்கு எதிராகவே விழுந்தன. இந்த ஒரு தேதி உன் பக்கம் நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புவதை நம்பாதே. அவர் சொல்லும் பத்து வருடம், "மிக அசாதாரணமான கஷ்டம்", ஆண்டுக்கு 4,000 பேர் என்கிற உச்சவரம்பு எல்லாம் கிரீன் கார்டே இல்லாதவர்களுக்கான வேறு நிவாரணம். "பேசாமல் அமெரிக்கப் பெண்ணைக் கட்டச் சொல்லு" என்பதும் நடக்காது. இந்த மாத்திரைக் குற்றத்துக்குக் கல்யாணத்தின் பேரில் மன்னிப்பு வாங்க வழியில்லை. அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகக் கட்டிக்கொள், காரணம் அதுவாக இருக்கட்டும். "ஊருக்கே வந்துவிடட்டும், அங்கே என்ன குறை" என்கிறவர்களும் உண்டு. போனால் இந்தக் குற்றத்தை வைத்து நீ திரும்பி வரும் வழியை அடைத்துவிடுவார்கள். அதனால் கேட்டுக்கொள்: வழக்கு முடியும்வரை எந்தக் காரணத்துக்கும் நாட்டைவிட்டு வெளியே போகாதே. பாட்டிக்கு முடியவில்லை என்று நானே அழுதுகொண்டு போன் செய்தாலும் டிக்கெட் போடாதே.

அப்புறம், கோர்ட்டுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்த கோர்ட் அரசின் நீதி அமைச்சகத்துக்குள் இருப்பது, நீதிபதியும் அதன் தலைவரான அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை செய்பவர்தான். இலவச வக்கீல் தரமாட்டார்கள். நாடு முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. தேதியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், முன்னாலும் இழுப்பார்கள். ஒரு நாள் வராவிட்டால் நீ இல்லாமலேயே நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிடலாம், அதற்குப் பின் பத்து வருடத்துக்கு இந்த நிவாரணத்தைக் கேட்கவும் முடியாது. வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். நீ வருடத்துக்கு ஒரு தரம் அபார்ட்மென்ட் மாற்றுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் விசாரணை "மாஸ்டர் காலண்டர்" எனப்படும். ஒரே அறையில் நிறையப் பேர் இருப்பார்கள், உன் முறை சில நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே நீ வாயைத் திறக்காதே. அரசு சொல்வதை ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் வக்கீலம்மாவின் வேலை. கிரீன் கார்டுக்காரரை நாடுகடத்த வேண்டுமென்றால் குற்றச்சாட்டைத் தெளிவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியது அரசுதான். அவர்கள் சுமையை நீ தூக்காதே. நேர்மையானவன் என்று காட்டுகிறேன் என்று எழுந்து எதையாவது சொல்லி வைக்கிற ஆள் நீ.

கடைசி விசாரணை இதற்கு நேர் எதிர். அங்கே எதையும் மறைக்கக் கூடாது. தகுதி இருந்தால் மட்டும் போதாது, உனக்குக் கொடுக்கலாம் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். எத்தனை வயதில் வந்தாய், யார் யார் இங்கே இருக்கிறார்கள், ஒழுங்காக வேலை செய்தாயா, வரி கட்டினாயா, செய்த தப்பை உணர்ந்தாயா என்று ஒரு தட்டில் வைப்பார். குற்றத்தை மறு தட்டில் வைப்பார். "ரெண்டு மாத்திரைதானே" என்று நீ அம்மாவிடம் சொன்னதை அங்கே சொல்லாதே. சட்டம் கடுமையானது என்று நானும் நினைக்கிறேன். அதை நாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

அதற்குத்தான் கடிதங்கள் வேண்டும். உன் மேலாளரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறாய். நீ ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாயே, அந்த நூலகத்தில் கேட்கக்கூட உனக்குக் கூச்சம். நடந்தது என்ன என்று தெரிந்தே ஒருவர் உன்னைப் பற்றி நல்லதாக எழுதினால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. தெரியாமல் எழுதினால் அரசு வக்கீல் ஒரே கேள்வியில் அதைக் கிழித்துவிடுவார். ஆகவே முழுசாகச் சொல்லிவிட்டுக் கேள். இரண்டு பேர் மறுப்பார்கள், மறுக்கட்டும். இந்த நிவாரணம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். வெட்கத்தில் அதை அரைகுறையாகக் கேட்காதே.

இன்னும் ஒன்று, எழுதவே கை வரவில்லை. இந்த வகைக் குற்றத்துக்குப் பிணை இல்லாமல் காவலில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி நடந்தால் உன் ஏ நம்பரை, அதாவது குடிவரவுத் துறை உனக்குக் கொடுத்த அடையாள எண்ணைப் போட்டு நீ எங்கே இருக்கிறாய் என்று இணையத்தில் தேடலாம். அந்த நம்பரை அம்மா குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறாள். என் போன் நம்பரும் வக்கீலம்மாவின் நம்பரும் உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். வக்கீலம்மா பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வாடகைக்கும் கார் தவணைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி எனக்கு அனுப்பு.

நேற்று பீரோவைக் கிளறியதில் உன் முதல் பாஸ்போர்ட் கிடைத்தது. 2003-இன் முத்திரை மங்கிப் போயிருக்கிறது, ஆனால் தேதி தெரிகிறது. நீ உள்ளே வந்ததற்கு இதுதான் ஆதாரம் என்று வக்கீலம்மா குதித்தார். நகல் கூரியரில் வருகிறது. அசலை விசாரணையன்று நானே கையில் கொண்டுவருகிறேன், விமானத்தில் பெட்டிக்குள் போடமாட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தில் நீ தமிழில் பெயரெழுதி, கட்டத்துக்கு வெளியே போய்விட்டாய். அன்றைக்கு அதற்காக உன்னைத் திட்டினேன்.

தேதி உறுதியானதும் சொல். உன் கோட்டு தோளில் இறுக்கமாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். என்னுடையது ஒன்று சும்மாதான் தொங்குகிறது, அதையும் எடுத்து வருகிறேன்.

அப்பா