அலையாத்தி நடைபாதைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவிலுக்குச் செய்வதுதான் திருப்பணி, அலையாத்தி (மாங்குரோவ்) காட்டுச் சேற்றில் நடக்கப் பலகை போடுவதற்கு எதற்கு அந்தப் பெயர் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் பேசியும் வேறு பெயர் அகப்படவில்லை, அதனால் பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உங்களில் பலர் கேட்பது வேறு கேள்வி. நேராகப் போட்டால் 150 மீட்டர்தானே, ஏன் வளைத்து வளைத்து 210 ஆக்கினீர்கள், அந்த 60 மீட்டருக்கு யார் காசு? அதற்கே முதலில் பதில் சொல்கிறோம்.

வரைபடத்தில் நேராகத்தான் இருந்தது. குச்சி ஊன்றிக் கயிறு கட்டிய அன்று, நண்டு பிடித்துவிட்டுக் கரையேறிய ஓர் அம்மா நின்று பார்த்தார். "ஓடை வாயிலயா கால் நடப்போறீங்க தம்பி? பாசியும் பிளாஸ்டிக்கும் அதுல வந்து அடையும். உள்ள தண்ணி ஏறாது. அங்கிட்டு நிக்கிற செடியெல்லாம் பட்டுப்போகும்" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், ஏற்றவற்றமே குறைவு, முழங்கால் அளவு ஏறினால் அதிகம். அதனால் சின்ன அடைப்பு போதும், உள்ளே தேங்கிய நீர் வெயிலில் வற்றி மண்ணில் உப்பு ஏறிவிடும். உப்பிலேயே வளர்கிற அலையாத்திக்கும் ஓர் அளவு உண்டு. வனத்துறையிலிருந்து வந்தவரும் இதையே சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்த்து, ஓடை வாயைச் சுற்றி முதல் வளைவைப் போட்டோம். அந்த அம்மா சொன்னபோதே அவிழ்த்திருந்தால் நான்கு நாள் கூலி மிச்சம். ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது வளைவு மூச்சு வேர்களுக்காக. சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் அலையாத்தி தன் வேர்களைப் பென்சில் நட்டுவைத்தது போல மேலே நீட்டி மூச்சு விடுகிறது. மிதித்தால் முறியும். அவை நெருக்கமாக இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். சுற்ற முடியாத இடத்தில் பாதையை உயர்த்திப் பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம், வெளிச்சமும் நீரும் கீழே போகட்டும் என்று. அலையாத்திக் காட்டுக்குள் நடைபாதை வேண்டுமானால், ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்டத்தில் குறித்த இடத்தில் மட்டும் போடலாம் என்கிறது மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. வளைவைச் சேர்த்துத் திருத்திய வரைபடத்துக்கு மறுபடி அனுமதி வாங்க அலைந்த கதையை நேரில் கேளுங்கள், சொல்கிறோம்.

பாதையைத் தாங்கும் கால்களுக்குப் பனை. வைரம் பாய்ந்த பனை உப்புநீரில் நிற்கும் என்று வள்ளம் கட்டும் ஆசாரி சொன்னார். உயிரோடு நிற்கிற மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதால் காற்றில் சாய்ந்தவையாகத் தேடி எடுத்தோம். ஏமாந்தது போல்ட்டில். துருப்பிடிக்காது என்று ஒரு கடைக்காரர் கொடுத்தவை ஒரு வாடைக்காலம் தாங்கவில்லை. தொட்டால் விரலெல்லாம் செம்மண் நிறம். ஆசாரி ஒன்றைத் திருகிப் பார்த்தார், தலை மட்டும் கையோடு வந்தது. எல்லாவற்றையும் கழற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். கணக்கில் 'போல்ட்' என்று இரண்டு முறை வருவது எழுத்துப்பிழை அல்ல.

சரி, பாதை எப்படி இருக்கிறது? செங்குத்தான ஏற்றம் இல்லை, படி இல்லை. சக்கர நாற்காலி போகும். இருபுறமும் ஓரக்கட்டை இருப்பதால் சறுக்காது. நின்று நின்று பார்த்துப் போனாலும் அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். முதல் வளைவில் அலையாத்தி இலை கை உயரத்துக்கு வருகிறது. மழை இல்லாத நாளில் இலைமேல் பொடி உப்பு பூத்திருக்கும், செடி குடித்த உப்பை அங்கேதான் வெளியே தள்ளுகிறது. திறந்த அன்று பள்ளிப் பிள்ளைகள் நக்கிப் பார்த்து முகம் சுளித்தார்கள், அப்புறம் இன்னொரு இலைக்குப் போனார்கள். நீர் வற்றிய வேளையில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளை வாயில் நின்று அதை ஆட்டிக்கொண்டிருக்கும். காலடி அதிர்ந்தால் எல்லாம் உள்ளே. அசையாமல் நின்றால் ஒன்றொன்றாக வெளியே வரும். எத்தனை நிமிடம் என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

பூநாரையும் உள்ளானும் வருகிற மாதங்களில் வேலையை நிறுத்தினோம். அதனால்தான் பங்குனியில் முடிப்போம் என்றது ஆடிக்கு இழுத்தது. பறவைக் காலத்தில் ஒலிபெருக்கி வேண்டாம். கல்யாணப் படப்பிடிப்புக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், மறுத்துவிட்டோம். வருத்தம் இருந்தால் கூட்டத்தில் பேசலாம்.

வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் சாவடியில் இருக்கின்றன, யாரும் புரட்டிப் பார்க்கலாம். கையிருப்பு இல்லை. ஆசாரிக்குக் கடைசித் தவணை பாக்கி. கடல் முகத்துத் திட்டில் ஒரு பக்கக் கைப்பிடி இன்னும் போடவில்லை, அங்கே இப்போதைக்குக் கயிறுதான் கட்டியிருக்கிறது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நடைபாதைத் திருப்பணிக் குழு